பனிக்காற்றில் ஈரமில்லை: முகத்தோல் காய்வது எப்படி?

‘பனி’ என்ற சொல்லை நாம் மார்கழியோடு சேர்த்தே பழகியவர்கள். தஞ்சாவூரிலோ சென்னையிலோ விடியற்காலையில் கோலமிட வாசலுக்கு வரும்போது தலைமுடியில் படிவதும், புல்லின் நுனியில் துளியாகத் தேங்குவதும்தான் நமக்குப் பனி. அந்தக் காற்று குளிர்ந்திருந்தாலும் ஈரம் நிறைந்தது. அதே சொல்லைக் கொண்டுதான் டொரொண்டோவில் சாலையோரம் குவிந்து கிடக்கும் வெண்பனியையும் குறிக்கிறோம். ஆனால் அந்த ஊரின் ஜனவரிக் காற்றில் இருக்கும் நீராவி மிகச் சொற்பம். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நீர் உறைந்து கிடக்க, அங்கே முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் நம்மவர்களின் கன்னம் மட்டும் நீரில்லாமல் இறுகிச் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகிறது. கைக்கு எட்டும் எண்ணெயை எடுத்துத் தடவுகிறார்கள். சற்று நேரம் பளபளக்கும் முகம் மீண்டும் இறுகுகிறது. எண்ணெய் ஏன் போதவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், குளிர்காலத்தில் முகத்தைக் காப்பதற்கான வழி அனேகமாக முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் காற்றின் கணக்கைப் பார்க்க வேண்டும். 21 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 18 கிராம் நீராவியைக் கொள்ளும். −10 டிகிரியில் அது கொள்ளக்கூடியது 2 கிராமுக்குச் சற்றே அதிகம். ஆகவே, வெளியே ஈரப்பதம் நூறு சதவீதம் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளிலும், அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து சூடாகும்போது அதிலுள்ள நீராவி கூடுவதில்லை, அதன் கொள்ளளவு மட்டும் எட்டு மடங்கு அளவுக்குப் பெருகிவிடுகிறது. ஈரப்பதம் 13 சதவீதம் வரை இறங்கக்கூடும் என்பதே இதன் பொருள். சமையலும் குளியலும் நம் மூச்சும் அதைச் சற்று உயர்த்தினாலும், அறைக்காற்று தாகத்தோடுதான் இருக்கும். எங்கே நீர் கிடைத்தாலும் அதை இழுத்துக்கொள்ளும். வெளியே வீசும் குளிர்காற்றைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய ஈரக்காற்றுப் படலத்தை அது அடித்துச் செல்வது உண்மையே. ஆனால் வெளியில் நிற்பது சில நிமிடங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் இருப்பது நாள் முழுவதும். சேதத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் நடக்கிறது என்பது என் கருத்து.

இந்தக் காற்றுக்கும் நம் உடலின் நீருக்கும் இடையே நிற்பது மேல்தோலின் வெளிப்புறப் படலம். அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். தட்டையான இறந்த செல்கள் பதினைந்து இருபது அடுக்குகளாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடைவெளிகளைச் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்து நிரப்பியிருக்கின்றன. அமெரிக்கத் தோலியல் அறிஞர் பீட்டர் எலியாஸ் 1983இல் இதைச் செங்கலும் சாந்தும் கொண்ட சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், கொழுப்புகள் சாந்து. உள்ளிருந்து கசியும் நீரின் வேகத்தை மட்டுப்படுத்துவது அந்தச் சாந்துதான். செங்கலும் வறண்டதன்று. ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து உண்டாகும் அமினோ அமிலங்களும் அவற்றோடு யூரியா, லாக்டேட் போன்றவையும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இங்கேதான் 1952இல் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் செய்த எளிய சோதனை வருகிறது. தடித்துக் காய்த்த தோலின் துண்டை எடுத்து அவர் உலர வைத்தார். அது மொறமொறப்பாகி, வளைத்தால் ஒடியும் நிலைக்கு வந்தது. அப்படிக் காய்ந்த துண்டை எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் அது மென்மையாகவில்லை. நீர் ஏறிய பிறகே அது மீண்டும் வளைந்து கொடுத்தது. வெளிப்படலத்தின் நீர் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது நொறுங்கத் தொடங்கும் என்றும் அவர் கண்டார். தோலை மென்மையாக்குவது எண்ணெய் என்று மனிதர்கள் காலம்காலமாக நம்பிவந்ததை அந்தச் சிறு துண்டு திருத்தி வைத்தது. மென்மை தருவது நீர். எண்ணெயின் வேலை, உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் கதவை அடைப்பது. ஏற்கெனவே காய்ந்துவிட்ட முகத்தில் எண்ணெய் பூசுவது, பொருள் களவு போன பிறகு வீட்டைப் பூட்டுவதற்கு ஒப்பானது.

தோல் செதிலாக உரிவதற்குக் காரணமும் நீரின் குறைவே. இந்தப் பொருளில் நான் மிகவும் வியக்கும் பகுதியும் இதுதான். வெளிப்படலத்தின் செல்கள் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றாக உதிர்வதால் நாம் அதைக் காண்பதில்லை. செல்லையும் செல்லையும் இணைக்கும் புரதத் தையல்களைச் சில நொதிகள் அறுத்துவிடுவதால் இது நிகழ்கிறது. அந்த நொதிகள் வேலை செய்வதற்கு நீர் வேண்டும். படலம் காய்ந்ததும் நொதிகள் முடங்குகின்றன. அறுபடாத செல்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் செதில்களாகத் தூக்கி நிற்கின்றன. கரிய தோலின் மேல் அந்தச் செதில்கள் ஒளியைச் சிதறடிப்பதால் சாம்பல் பூத்த தோற்றம் வருகிறது. அதைத் தேய்த்து எடுப்பதற்காகச் சொரசொரப்பான பொடிகளையோ ஸ்க்ரப்களையோ நாடுவது இயல்பே. ஆனால் உதிரத் தயாராகாத செல்களையும் அந்தத் தேய்ப்பு பிய்த்துவிடும். முகத்துக்கு ஈரம் கிடைத்தால் நொதிகள் தாமே அந்த வேலையை முடித்துவிடும்.

உடல் இந்த வறட்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. காற்று காய்ந்தால் ஃபிலாக்ரினை அதிகமாகச் சிதைத்து நீர்பிடிக்கும் பொருள்களை உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு தோலுக்குள் இருக்கிறது. ஆயினும் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஈரமான சூழலில் வைத்திருந்த எலிகளைத் திடீரென்று வறண்ட சூழலுக்கு மாற்றியபோது, அவற்றின் தோலில் அமினோ அமிலங்கள் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலோர ஊரிலிருந்து விமானம் ஏறி மறுநாளே பனிநாட்டில் இறங்குபவரின் முகம் தடுமாறுவதில் வியப்பில்லை. நெடுநாள் அங்கே வாழ்பவர்களுக்கும் முழு விடுதலை கிடையாது. தோலின் சாந்துக் கொழுப்புகள் குளிர்காலத்தில் வெகுவாகக் குறைந்துவிடுவதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு முகம், கை, கால் ஆகிய மூன்று இடங்களிலும் கண்டறிந்தது. முகத்திலும் எல்லா இடமும் ஒன்றன்று. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருப்பதால் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. சுரப்பிகள் குறைந்த கன்னமும், தோல் மிக மெல்லியதான கண்ணிமையும் முதலில் வாடுகின்றன.

இந்த நிலையில் நாமே செய்யும் கெடுதல்களில் முதன்மையானது முகம் கழுவும் முறை. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர், சாந்துக் கொழுப்பை இளக்கிக் கழுவிக்கொண்டு போகிறது. வழக்கமான சோப்பின் காரத்தன்மை பிஎச் அளவில் 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய அமிலத்தன்மை கொண்டது. செராமைடைத் தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த அமிலச் சூழல் தேவை என்பதால், சோப்பு இருக்கும் கொழுப்பை அகற்றுவதோடு புதிய கொழுப்பு உருவாவதையும் தாமதப்படுத்துகிறது. வெதுவெதுப்பான நீரும், சோப்பு சேராத மென்மையான முகக் கழுவியும் (கிளென்சர்) போதும்; காலையில் வெறும் நீரே போதும்.

அடுத்தது பூச்சு. நல்ல மாய்ஸ்சரைசர் ஒன்றில் மூன்று வகைப் பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கிளிசரின், யூரியா, ஹையலுரானிக் அமிலம் ஆகியவை நீரைப் பிடித்து நிறுத்துபவை. இவற்றுள் கிளிசரின் மலிவானது, நெடுங்காலமாகச் சோதிக்கப்பட்டது. விலையுயர்ந்த சீரம்களைவிட நான் அதையே பெரிதும் நம்புகிறேன். செராமைடும் கொலஸ்டிராலும் விட்டுப்போன சாந்தை நிரப்புபவை. மூன்றாம் வகை, மேலே மூடியாக நிற்கும் கொழுப்புப் பொருள்கள். ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் ஒட்டியிருந்த மெழுகைத் தூய்மைப்படுத்தி, 1872இல் வாசலின் என்று காப்புரிமை பெற்றாரே, அந்தப் பெட்ரோலியம் ஜெல்லி ஆவியாதலைத் தடுப்பதில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பருக்கள் வரும் முகத்துக்கு அது கனமாகத் தோன்றலாம். அவர்கள் அதைக் கன்னத்தின் மேற்புறத்துக்கும் உதட்டுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீரைப் பிடிக்கும் சீரத்தை மட்டும் பூசி, மேலே எதையும் மூடாமல் விட்டால், ஹீட்டர் அறையின் காற்று அந்த நீரையும் விரைவில் குடித்துவிடும்.

ஆகவே பூச்சின் தரத்துக்கு நிகராகப் பூசும் நேரமும் முக்கியமாகிறது. முகம் கழுவியவுடன் வெளிப்படலம் நீரை உறிஞ்சி ஊறியிருக்கும். துண்டால் மெல்ல ஒற்றிவிட்டு, ஈரம் மிச்சமிருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள் பூசிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயே பழகியவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் அதை உள்ளங்கையில் உருக்கி, ஈர முகத்தில் மெல்லிய படலமாகத் தடவினால் அது மூடியின் வேலையைச் செய்யும். ஆலிவ் எண்ணெயைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் மிகுந்துள்ள ஒலீயிக் அமிலம் சாந்துக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைப்பதால், அது தோலின் தடுப்பை வலுவிழக்கச் செய்கிறது என்று 2013இல் பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் முகம் காயாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உடலுக்கு வேண்டிய நீரைக் குடிப்பது அவசியம்தான், ஆனால் கசியும் சுவரைச் சரிசெய்யாமல் தொட்டியை நிரப்புவதால் கன்னத்தின் வெளிப்படலத்துக்குக் கிடைப்பது அதிகமில்லை.

அறையின் ஈரப்பதத்தை உயர்த்த ஹியூமிடிஃபயர் உதவும். 30 முதல் 40 சதவீதம் குளிர்நாட்டு வீட்டுக்கு ஏற்ற அளவு. அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோத்து வழியத் தொடங்கும், பிறகு சட்டத்தின் ஓரங்களில் பூஞ்சை பிடிக்கும். கருவியின் தொட்டியையும் அடிக்கடி கழுவி உலர்த்த வேண்டும்.

உதட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரும்பாலும் இல்லை, வெளிப்படலமும் மிக மெல்லியது. காய்ந்ததும் நாக்கால் ஈரப்படுத்தத் தோன்றும். அந்த எச்சில் ஆவியாகும்போது உதடு முன்னிலும் காய்ந்துபோவதோடு, எச்சிலின் செரிமான நொதிகள் வெடித்த இடத்தை மேலும் எரிச்சலூட்டுகின்றன. குழந்தைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து, வாயைச் சுற்றி வட்டமாகக் கருத்துப்போகும் அளவுக்குப் புண்ணாக்கிக்கொள்வார்கள். அவர்களை அதட்டுவதைவிட, பள்ளிக்குக் கிளம்பும்போது உதட்டிலும் அதைச் சுற்றியும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசி அனுப்புவது பலன் தரும். பூசியும் வெடிப்பு ஆறாமல் நீர் வடிந்தாலோ, முகத்தில் அரிப்பும் தடிப்பும் சேர்ந்து வந்தாலோ, அது வெறும் வறட்சியாக இல்லாமல் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோயாக இருக்கக்கூடும் என்பதால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.