கேட்டு வாங்கிய மாறுதல்

சென்னையில் இருந்த ஏழு வருஷமும் என் வெள்ளிக்கிழமைகள் பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் முடிந்தன. எழும்பூரிலிருந்து மதுரைக்கு சுமார் 490 கிலோமீட்டர். விடிகிற நேரத்தில் செல்லூர் வீட்டுக் கதவைத் தட்டினால் "வந்துட்டியாய்யா" என்று அம்மா காபிக்குப் பால் வைப்பார். ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டால் அடிவயிற்றை ஏதோ பிசையும். தூரம்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மனுமேல் மனு போட்டு, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, ஒருவழியாக மதுரைக்கே மாறுதல் ஆணை வந்தபோது வீட்டில் கேசரி கிண்டினோம்.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிறு சாயங்காலம், வயிறு மறுபடியும் பிசைந்தது. ஆபீஸ் இப்போது ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிடம்.

ஊர் மாறியும் வயிறு ஏன் மாறவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது 1998-இல் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வெயிலும் கடலுமான கலிபோர்னியாவிலும், குளிர் வாட்டும் மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கிற சுமார் 2000 மாணவர்களிடம் கேட்டார்கள்: வாழ்க்கை எப்படிப் போகிறது? இரண்டு இடத்திலும் திருப்தி ஒரே அளவுதான். ஆனால் "உன்னை மாதிரி ஒருவன் அந்த ஊரில் இருந்தால் எப்படி இருப்பான்?" என்று கேட்டபோது, இரு தரப்பும் கலிபோர்னியாக்காரன்தான் சந்தோஷமாக இருப்பான் என்றது. ஊரை நினைத்தவுடன் வெயிலும் கடலும் மட்டும் மனதில் நிற்கின்றன. பரீட்சை, பணம், நண்பர்கள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. சென்னை மேன்ஷன் அறையில் படுத்துக்கொண்டு நான் நினைத்த மதுரையில் அம்மாவின் இட்லி இருந்தது, சித்திரைத் திருவிழா இருந்தது. ஒரு நாளும் அதில் ஃபைல் வந்ததில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதி எங்கே கழியும் என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

புது இடத்தின் முதல் மாதங்கள் இனிப்பதும், பிறகு அந்த இனிப்பு இறங்குவதும் வேலை மாறும் பலருக்கும் நடப்பதுதான். மேலாளர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2005-இல் இதற்குத் 'தேனிலவும் தலைவலியும்' என்கிற மாதிரி ஒரு பெயரே வைத்தது. ஆனால் என் பிசைச்சலுக்கு அது மட்டும் போதாது. ஆபீஸில் நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும்.

நான் போய் உட்கார்ந்த சீட்டுக்கு அந்த ஆபீஸிலேயே ஒருவர் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். எனக்கு அது தெரியாது. செக்‌ஷனில் மற்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. பதினோரு மணிக்கு நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும். ஐந்து பேர் டீக்கு இறங்குவார்கள். நான் எனக்கு வரும் கடிதங்களைப் பதியும் தன்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் வைக்கும் ஃபைல்கள். குறிப்பு எழுதி, வரைவு இணைத்து அனுப்பினால், மேலதிகாரியின் பச்சை மையில் ஒரே ஒரு சொல்லுடன் திரும்பி வரும்: "பேசுக". பேசப் போனால் "அப்புறம் வாங்க". அப்புறம் போனால் மீட்டிங். எங்கே தப்பு என்று தெரியாமல் அந்த ஃபைல் என் மேஜையில் கிடக்கும், மறுநாளும் கிடக்கும்.

சரி, அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் உடம்புக்குள் என்ன நடக்கிறது? அலங்காநல்லூர் வாடிவாசலில் நிற்கும் மாடுபிடி வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். காளை பாயும் நொடியில் அவர் மூளை இரண்டு வழியில் செய்தி அனுப்புகிறது. ஒன்று நரம்பு வழி: சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்ட, இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்தம் குடலை விட்டுத் தசைக்கு ஓடுகிறது. வயிற்றில் பிசைகிற உணர்வின் ஒரு பங்கு இங்கேதான் பிறக்கிறது. இன்னொன்று சற்று நிதானமான வழி: மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அதே அட்ரீனலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, நீண்ட சண்டைக்கு உடம்பைத் தயார் செய்வது அதன் வேலை. போதுமான அளவு ஏறியதும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்லும். காளை எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் வீரர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த காளைக்கு நிற்பார். ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு இது.

ஆபீஸ் காளை பாய்வதே இல்லை. வாடிவாசலுக்கு உள்ளே நின்று சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உறுமிக்கொண்டே இருக்கும். உடம்பும் அதுவரை தயார் நிலையிலேயே நிற்கும். கார்ட்டிசால் இயல்பாகவே காலையில் கண்விழித்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, பிறகு நாள் முழுக்க இறங்கும். இந்தக் காலை ஏற்றம் விடுமுறை நாளைவிட வேலை நாளில் அதிகம் என்று எச்சிலைச் சோதித்து அளந்திருக்கிறார்கள். ஆபீஸ் வாசலை மிதிப்பதற்கு முன்பே, பல் தேய்க்கும்போதே, உடம்பு ஆபீஸுக்குப் போய்விடுகிறது. ஞாயிறு சாயங்காலமும் அப்படித்தான்: மேலதிகாரி எதிரில் நிற்க வேண்டும் என்பதில்லை, "நாளைக்கு" என்ற நினைப்பே போதும்.

எந்த மாதிரி நெருக்கடி கார்ட்டிசாலை அதிகம் ஏற்றுகிறது என்பதற்கு சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004-இல் ஒரு பதில் தந்தார்கள். அதுவரை வந்த 208 ஆய்வகச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கஷ்டமான கணக்கு, காதைப் பிளக்கும் சத்தம், மேடைப்பேச்சு என்று பல வகை. மிக அதிகமாக ஏற்றியது எது தெரியுமா? இரண்டு அம்சம் சேர்ந்தவை. ஒன்று, நாம் என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை. இரண்டு, அதை மற்றவர்கள் பார்த்து நம்மை எடைபோடுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில், பச்சை மையில் எழுதித் தருகிறார்கள்.

வேலை அதிகம் என்பதால்தான் ஆட்கள் நொடிந்து போகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. 1967-இல் தொடங்கிய முதல் ஆய்வில் சுமார் 18,000 ஆண்கள். பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளைவிட, கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேர். தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் சொல்லுரிமை இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது அதில் தெரிந்தது.

டீ விஷயம் அற்பமாகத் தோன்றலாம். எனக்கே அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் இதே அற்ப விஷயத்தைத்தான் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர்மேல் வந்து விழுந்தது. திருப்பி எறிந்தார். அவர்கள் இவருக்கும் எறிய, கொஞ்ச நேரம் மூவருமாக ஆடினார்கள். திடீரென்று இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். யாரென்றே தெரியாதவர்கள் செய்தது இவ்வளவு வலிக்கிறதே என்று, பின்னாளில் அதைக் கணினிப் பந்து விளையாட்டாக மாற்றிச் சோதித்தார். திரையில் மற்ற இருவர் பந்து போடுவதை நிறுத்திய சில நிமிடங்களிலேயே ஆட்கள் மனம் சுருங்கினார்கள். "அந்த இருவர் மனிதர்களே இல்லை, கணினிதான்" என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் சுருங்கினார்கள். கணினிக்கே இந்தப் பாடு என்றால், ஒரே மின்விசிறிக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்காரும் ஐந்து பேர்?

இனி வீட்டுப் பக்கம் வந்த மாறுதலுக்கே உரிய இரண்டு வினை. யாரிடமும் புலம்ப முடியாது. "நீதானே கேட்டு வாங்கிட்டு வந்தே?" என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று நானே வாயை மூடிக்கொண்டேன். 1993-இல் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் அருவருப்பான படத்துண்டு ஒன்றைச் சிலருக்குக் காட்டி, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றார்கள். அவர்கள் முகம் அமைதியாக இருந்தது. ஆனால் விரல் வியர்வையை அளந்தால், இயல்பாகப் பார்த்தவர்களைவிட உள்ளே பரபரப்பு கூடியிருந்தது. அருவருப்பும் குறைந்தபாடில்லை. சிரித்த முகத்தோடு சோற்றைப் பிசைந்த என் ராத்திரிகளுக்கு இது பொருந்துகிறது.

இன்னொன்று அந்தப் பன்னிரண்டு நிமிடம். சென்னையில் ஆபீஸிலிருந்து அறைக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். திட்டிக்கொண்டேதான் வருவேன். ஆனால் இறங்கும்போது ஆபீஸ் பாதி உதிர்ந்திருக்கும். இங்கே சிம்மக்கல் தாண்டி ஏ.வி. பாலம் ஏறினால் கோரிப்பாளையம், திரும்பினால் வீடு. ஏறிய கார்ட்டிசால் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நான் அதற்குள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்று கத்தியிருப்பேன்.

அனுசரித்துப் போ, நல்லதையே நினை என்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிலுக்கு, கையில் கொஞ்சமாவது பிடி கிடைக்கும் இடங்களைத் தேடினேன். இப்போது ஃபைலில் "பேசுக" வந்தால் காத்திருப்பதில்லை. அரைப் பக்கத்தில் இரண்டு வழிகளை எழுதி, எது என்று குறித்தால் போதும் என்று திரும்ப வைத்துவிடுகிறேன். சில சமயம் மறுபடியும் "பேசுக" வரும். பல சமயம் ஒரு டிக் வருகிறது. ஆபீஸ் விடும் முன், முடியாத வேலையில் நாளைக்கு முதலில் எதைத் தொடுவது என்று ஒரு வரி எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகுகிறேன். முடிக்காத வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கும். ஆனால் எப்போது, எப்படி என்று திட்டமாக எழுதிவிட்டால், வேலை முடியாமலே குடைச்சல் குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் காட்டினார்கள். பாலம் இறங்கியதும் ஒரு டீக்கடையில் வேண்டுமென்றே கால் மணி நேரம் நிற்கிறேன். விட்டுப்போன பஸ் பயணத்தைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரிதான்.

வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டால், எதிலும் பிடிப்பே இல்லை என்றாகிவிட்டால் இந்த வித்தையெல்லாம் பத்தாது. அதே கோரிப்பாளையத்தில் ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மேடைப்பேச்சுச் சோதனைக்கு நெருங்கிய நண்பரைத் துணைக்கு அழைத்து வந்தவர்களுக்குக் கார்ட்டிசால் குறைவாகவே ஏறியதாக இன்னொரு சோதனை சொல்கிறது. ஒரே ஒரு ஆள் போதும். எங்கள் ரெக்கார்ட் கிளார்க் எந்தக் கோஷ்டியிலும் சேராதவர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, பழைய ஃபைல் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போன மாதம் ஒரு நாள், "தம்பி, டீக்குப் போவமா?" என்றார். அந்த ஐந்து பேரும் இன்றுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. அவர்கள் பதினோரு மணிக்குப் போய்விட்டு வருகிறார்கள். நாங்கள் பதினொன்றேகாலுக்குப் போகிறோம்.