மூக்கு முடிவு செய்யும் மிட்டாய்

அதிமதுரத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய கறுப்பு லிகோரைஸ் மிட்டாயைப் பற்றிக் கேட்டால் 'சுமார்தான், பரவாயில்லை' என்று சொல்பவர்கள் அரிது. உட்கார்ந்த இடத்தில் ஒரு பொட்டலத்தையே காலி செய்பவர்கள் ஒரு பக்கம், வாயில் போட்ட மறுகணம் துப்ப இடம் தேடுபவர்கள் மறுபக்கம். நெதர்லாந்தில் இது அன்றாடத் தீனி. ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 2 கிலோ என்று அங்கே கணக்குச் சொல்வார்கள். அமெரிக்காவிலோ பல நிற மிட்டாய்கள் கலந்த பையில் கறுப்பை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தின்பவர்கள் ஏராளம்.

மிட்டாயின் பெரும்பகுதி சாதுவான சரக்குதான். சர்க்கரை, கோதுமை மாவு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் ஆகியவை யாரையும் முகம் சுளிக்க வைப்பதில்லை. வம்பு வருவது மற்ற இரண்டால். ஒன்று, அதிமதுர வேரைக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சிய சாறு. இன்னொன்று சோம்பு எண்ணெய். இங்கே சோம்பு என்பது நம் சமையலறைப் பெருஞ்சீரகம் அல்ல, ஆங்கிலத்தில் அனிஸ் எனப்படும் வேறொரு செடி.

லிகோரைஸ் பிடிக்காது என்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது சோம்பு வாசத்தைத்தான். அதிமதுரம் பட்டாணி, அவரை வகையறாவைச் சேர்ந்த செடி. சோம்பும் பெருஞ்சீரகமும் கேரட், கொத்தமல்லி குடும்பம். அன்னாசிப்பூ இவை எதோடும் சேராத ஒரு மரத்தின் காய். ஒட்டும் உறவும் இல்லாத இந்தத் தாவரங்கள் நம் மூக்குக்கு ஒன்றுபோல் தோன்றுவதற்குக் காரணம் அனெத்தோல் என்ற மூலக்கூறு. சோம்பிலும் பெருஞ்சீரகத்திலும் அன்னாசிப்பூவிலும் இது நிறைய இருக்கிறது. அதிமதுர வேரில் கொஞ்சம்தான். வேரின் சொந்த வாசம் மரக்கட்டையும் மண்ணும் கலந்த மாதிரி மெலிதாக இருக்கும். அதைத் தூக்கிக் காட்டத்தான் சோம்பு எண்ணெய் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் விற்கும் சில கறுப்பு மிட்டாய்களில் அதிமதுரமே கிடையாது, வெறும் சோம்பு எண்ணெய்தான். பழி மட்டும் அதிமதுரத்தின் தலையில்.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை மெல்லுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் கசப்பும் தெரியலாம். அவ்வளவுதான், என்ன மிட்டாய் என்றே சொல்ல முடியாது. விரலை எடுத்ததும் அந்த வாசம் மொத்தமாக வந்து மோதும். மெல்லும்போது ஆவியாகும் அனெத்தோல் தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்கின் உள்ளறையை அடைகிறது. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பின்வாசல் வழியாகப் போகும் வாசனைதான். மற்ற புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற மூளைப் பகுதியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். வாசனைக்கு அந்தக் கெடுபிடி இல்லை. உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு அது கிட்டத்தட்ட நேராகவே போய்ச் சேர்கிறது. லிகோரைஸைப் பற்றி யாரும் நிதானமாகப் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நாக்குக்கும் பங்கு உண்டு. அதிமதுர வேரில் உள்ள கிளைசிரைசின் சர்க்கரையைவிடக் குறைந்தது 30 மடங்கு இனிப்பானது. ஆனால் அது சர்க்கரையைப் போல நடந்துகொள்வதில்லை. சர்க்கரை பட்டதும் இனிக்கும், விழுங்கியதும் போய்விடும். கிளைசிரைசின் தாமதமாக வரும், வந்தால் லேசில் போகாது. மிட்டாயை விழுங்கிச் சில நிமிடம் ஆன பிறகும் தொண்டையில் ஓர் இனிப்பு தங்கியிருக்கும். பிடித்தவர்களுக்கு அதுதான் சுகமே. பிடிக்காதவர்களுக்கோ வேண்டாத விருந்தாளி. இதோடு வேர்ச்சாற்றின் கசப்பும் சேர்கிறது. இனிப்பு என்று நம்பி வாயில் போட்டதில் கசப்பு தட்டினால் மூளை உஷாராகிவிடும். நஞ்சுள்ள தாவரங்களில் பல கசக்கும் என்பதால் மனித நாக்கில் கசப்பை மட்டும் பிடிப்பதற்கே சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு முக்கியமானது ஒரே வகைதான்.

அப்படியென்றால் எல்லாம் மரபணு விளையாட்டா? அப்படி நினைக்கத் தூண்டும் முன்னுதாரணங்கள் உண்டு. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்று புலம்ப, ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. கொத்தமல்லி இலை சிலருக்குச் சோப்பு போல மணப்பதிலும் ஒரு வாசனை ஏற்பி மரபணுவுக்குச் சிறு பங்கு உண்டு. லிகோரைஸில் அப்படி ஒரு மரபணுவைக் காட்டி 'இதுதான் குற்றவாளி' என்று முடித்துவிட முடியாது. பழக்கத்தின் பங்குக்குத்தான் இங்கே வலுவான சான்று இருக்கிறது. அந்தப் பழக்கம் நாம் நினைப்பதைவிட ரொம்ப முன்பே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு முன்பு? பிறப்பதற்கும் முன்பு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சோம்பு வாசமுள்ள மிட்டாயும் பிஸ்கட்டும் சகஜம். பெனுவா ஷால் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அங்கே பிரசவத்தை நெருங்கிய பெண்களை இரண்டு குழுவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழு கடைசி நாட்களில் சோம்பு கலந்த பண்டங்களைச் சாப்பிட்டது, மற்றது சாப்பிடவில்லை. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளின் மூக்கருகே சோம்பு வாசத்தைக் காட்டியபோது, முதல் குழுவின் குழந்தைகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பின, வாயை அசைத்தன. மற்றக் குழந்தைகள் கண்டுகொள்ளவில்லை அல்லது முகத்தைச் சுளித்தன. நான்காம் நாளில் சோதித்தபோதும் இந்த விருப்பம் மாறவில்லை. தாய் சாப்பிட்டதன் வாசனை பனிக்குட நீரில் கலக்கிறது, கரு அதை விழுங்கிக் கற்றுக்கொள்கிறது. 2000இல் வெளியான இந்த ஆய்வு, வேறு எதற்கும் அல்லாமல் சோம்பு வாசத்துக்கே செய்யப்பட்டது நமக்கு அதிர்ஷ்டம்தான். டச்சுக் குழந்தை ஒன்று முதல் லிகோரைஸைக் கடிக்கும்போது அது அந்த வாசத்தை ஏற்கெனவே சந்தித்திருக்கலாம்.

விருப்பம் மெல்லக் கட்டப்படுகிறது என்றால், வெறுப்பு ஒரே நாளில் வந்துவிடும். 1955இல் ஜான் கார்சியாவும் சகாக்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தண்ணீரைக் கொடுத்து, கூடவே உடலைச் சீர்குலைக்கும் கதிர்வீச்சையும் செலுத்தினார்கள். அந்த எலிகள் பிறகு இனிப்புத் தண்ணீரைத் தவிர்த்தன. குமட்டலுக்கு முன்னால் எதைத் தின்றோமோ அதன்மேல் பழியைப் போட உடல் தயங்குவதில்லை. பல மணி நேரம் கழித்துக் குமட்டல் வந்தாலும் சரி. மனிதர்களும் விதிவிலக்கல்ல. கிரேக்கத்தின் ஊஸோ, பிரான்சின் பஸ்தீஸ், இத்தாலியின் சம்புக்கா எல்லாமே அனெத்தோல் மணக்கும் மதுக்கள். இளம் வயதில் அவற்றை அளவு மீறிக் குடித்து இரவெல்லாம் வாந்தி எடுத்தவர் பிறகு லிகோரைஸ் பொட்டலத்தைப் பிரிக்கும் வாசத்துக்கே பின்வாங்குவார். இருமல் மருந்தும் அப்படித்தான். கசப்பை மறைக்க மேற்கத்திய மருந்தகங்களில் நெடுங்காலமாக அதிமதுரமும் சோம்பும் பயன்பட்டிருக்கின்றன. காய்ச்சலோடு படுத்திருந்த நாட்களில் மட்டும் அறிமுகமான வாசம் 'மருந்து வாடை' என்றே மனதில் பதிந்துவிடும்.

இதோடு கதை முடிந்திருக்கலாம், ஆனால் வட ஐரோப்பியர்கள் விடவில்லை. பின்லாந்து, ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற இடங்களில் லிகோரைஸில் அம்மோனியம் குளோரைடு சேர்த்து ஓர் உப்பு மிட்டாய் செய்கிறார்கள். பின்லாந்தில் அதற்கு சல்மியாக்கி என்று பெயர். சாதாரண உப்பு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். உப்பு, புளிப்பு, கசப்பு எல்லாம் சேர்ந்த ஒரு காரமான தாக்குதல் அது. இந்தச் சுவை நாக்கில் எப்படிப் பதிவாகிறது என்பதை 2023இல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லைமன் குழு கண்டறிந்தது. புளிப்பை உணரும் செல்களில் ஓட்டோப்1 என்ற புரதம் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே விடும் வாசல் அது. அம்மோனியம் குளோரைடு நாக்கில் பட்டதும் கொஞ்சம் அம்மோனியா செல்லுக்குள் நுழைந்து உள்ளே அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அதை ஈடுகட்டுவதுபோல் ஹைட்ரஜன் அயனிகள் ஓட்டோப்1 வழியாக உள்ளே பாய, செல் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஓட்டோப்1 இல்லாத எலிகளுக்கு அம்மோனியம் குளோரைடு கலந்த தண்ணீர் பெரிதாக உறுத்தவில்லை, சாதாரண எலிகளோ அதை ஒதுக்கின. அழுகலிலும் கழிவிலும் அம்மோனியா வரும் என்பதால் இது ஓர் எச்சரிக்கை மணி என்பது அந்தக் குழுவின் ஊகம். அப்படிப்பட்ட எச்சரிக்கையையே மிட்டாயாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களை என்ன சொல்வது! அவர்களுக்கு அது பழகிவிட்டது, அவ்வளவுதான்.

கட்சி மாற நினைப்பவர்களுக்கு வழி உண்டு. புதிய உணவைக் குழந்தைகள் ஏற்க எட்டுப் பத்து தடவைக்கு மேல்கூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்களுக்கும் சிறு துண்டு, பசி நேரம், வற்புறுத்தல் இல்லாத சூழல் என்றால் வாய்ப்பு இருக்கிறது. வாந்தியோடு ஒட்டிக்கொண்ட வெறுப்பு மட்டும் எளிதில் கரையாது.

ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். கிளைசிரைசின் உடலில் மாற்றமடைந்து, சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. கார்டிசோல் கட்டுக்கடங்காமல் வேலை செய்ய, உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை இழக்கிறது. ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறலாம். 40 வயதைத் தாண்டியவர்கள் தினம் சுமார் 57 கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றாலே ஆபத்து வரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக்காரர் ஒருவர் சில வாரங்களாகத் தினம் ஒன்றரைப் பை லிகோரைஸ் தின்று இதயம் நின்று இறந்ததை 2020இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

வெறும் சோம்பு எண்ணெய் மிட்டாய்க்கு இந்த ஆபத்து கிடையாது, அதில் கிளைசிரைசின் இல்லை. வாசம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் முகர்ந்து பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. உறையின் பின்பக்கம் பொருள் பட்டியலில் அதிமதுரச் சாறு என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.