ஒரே நோய், வயதுக்கு ஒரு ஸ்கேன்

1880இல் பிரெஞ்சு மருத்துவர் பூர்னவில், வலிப்பால் அவதிப்பட்டு இறந்துபோன ஒரு சிறுமியின் மூளையில் தான் கண்டதை விவரித்தார். மடிப்புகளில் கிழங்கு போலக் கெட்டியான, வெளிறிய முடிச்சுகள். அதனால்தான் டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற பெயர். அன்று இறந்த பிறகு தெரிந்த நோயை இன்று பிறப்பதற்கு முன்பே சந்தேகிக்க முடிகிறது. டிஎஸ்சி1, டிஎஸ்சி2 மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதானால் செல் வளர்ச்சிக்கான கடிவாளம் தளர்ந்து, பல உறுப்புகளில் கட்டிகள் வருகின்றன. எல்லாம் ஒரே வயதில் வருவதில்லை.

முதலில் மாட்டுவது பெரும்பாலும் இதயம். கர்ப்பகால அல்ட்ராசவுண்டில் குழந்தையின் இதயத்தில் பல கட்டிகள் தெரிந்தால் மருத்துவர் உஷாராகிவிடுவார். ஆனால் பிறந்த பிறகு இவை பெரும்பாலும் தாமாகவே சுருங்கும். தாமதமாகத் தேடினால் தடயமே இல்லாமல் போகலாம்.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. அதில் ஃபிளேர் என்றொரு முறை, மூளையைச் சூழ்ந்த நீரின் ஒளியை மட்டும் அணைத்துவிடும். கிழங்கு முடிச்சுகள் வெள்ளையாகத் துலங்கும். கைக்குழந்தையிடம் இந்தக் கணக்கு தலைகீழ்! நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை இன்னும் முழுதாக ஏறாததால் அதன் மூளையில் நீர் அதிகம்; டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில், நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதியே வெளுத்துத் தெரிய, முடிச்சுதான் கறுப்பாகத் தெரியும். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று தெரியாமல் படத்தைப் படித்தால் ஏமாந்துவிடலாம்.

மூளையின் நீர்க்குழிச் சுவர்களில் இன்னொரு வகைச் சிறு முடிச்சுகள், உருகி வழிந்த மெழுகு போல ஒட்டியிருக்கும். அவற்றில் சுண்ணாம்புச் சத்து படிவதால் சி.டி. ஸ்கேன் எளிதில் காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு இருப்பதால் குழந்தைகளுக்கு அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதில்லை.

வளர வளர சிறுநீரகத்தின் முறை. அங்கே வரும் கட்டியில் கொழுப்பு இருக்கும். சி.டி. படத்தின் அடர்த்தி அளவுகோலில் தண்ணீர் 0, கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100, அதனால் சிக்கிவிடும். கொழுப்பு குறைந்த கட்டிகள்தான் புற்றுநோயோ என்று குழப்புபவை. நுரையீரலின் மெல்லிய சுவர்க் குமிழ்கள் முக்கியமாக வயது வந்த பெண்களுக்கு வருபவை.

மரபணுச் சோதனையிலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு எதுவும் பிடிபடுவதில்லை. அப்போது ஸ்கேனும் தோல் அடையாளங்களும்தான் சாட்சி. நோய் உறுதியான பிறகும் 25 வயது வரை, 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை மூளை எம்.ஆர்.ஐ. தொடரும். நீர்க்குழியின் குறுகிய வாசலருகே ஒரு முடிச்சு வளர்ந்து வழியை அடைத்தால் தலைக்குள் அழுத்தம் ஏறும். அது வளர்கிறதா என்பது ஒரே படத்தில் தெரியாது; அதனால்தான் கதிரியக்க மருத்துவர் முதலில் பழைய ஸ்கேனைக் கேட்கிறார்.