ஆம்ப் மாடலர் வாங்கும் முன்: எத்தனை ஆம்ப் என்பதல்ல கேள்வி

பல கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் (ஆம்ப்) ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் பெட்டிதான் ஆம்ப் மாடலர். அதை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் எத்தனை ஆம்ப் இருக்கிறது?" வீட்டில் ரெக்கார்ட் செய்த டிராக்குகளை மிக்ஸ் செய்து கொடுப்பது என் தொழில். நூறு ஆம்ப் உள்ள பெட்டி வைத்திருப்பவர்கள் அனுப்பும் டிராக்குகளிலும் திரும்பத் திரும்ப வருவது நாலு கம்பெனி ஆம்ப்தான்: ஒரு ஃபெண்டர் கிளீன் (சிதைவில்லாத தெளிவான ஒலி), ஒரு வாக்ஸ், ஒரு மார்ஷல், மெட்டல் வாசிப்பவர் என்றால் ஒரு மேசா. இன்றைக்குக் கிடைக்கும் ஓரளவு நல்ல மாடலர் எதிலும் இந்த நாலும் ஒழுங்காகவே இருக்கும்.

1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் (POD) என்ற மாடலர் வந்த காலத்தில் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அப்புறம் 2010-களின் தொடக்கத்தில் கெம்பர் நிறுவனம், நிஜ ஆம்பை அளந்து அதன் குணத்தைப் பிரதி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) ஏற்கெனவே இருந்தால், பெட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைக் கொஞ்ச நாள் போட்டு வாசித்துப் பாருங்கள். பெட்டியே வேண்டாம் என்று தோன்றலாம்.

"சத்தம் வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கிறது, மாடலர் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி கேபினட் (ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதி) செட்டிங். கிட்டார் ஆம்பில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனின் (வேண்டுமென்றே சிதைத்த ஒலி) முரட்டுத்தனத்தை வடிகட்டுவதே அதுதான். ஹெட்ஃபோனிலோ ஸ்டுடியோ மானிட்டரிலோ அந்த வடிகட்டல் இல்லை. அதனால் மாடலருக்குள் இருக்கும் கேபினட்டையோ ஐஆர் ஃபைலையோ (நிஜ ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியை அளந்து பதிந்த ஃபைல்) ஆன் செய்தே ஆக வேண்டும். இதற்கு நேர்மாறும் நடக்கும்: கேபினட் ஆனில் இருக்க, மாடலரை நிஜ கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகுவார்கள். ஒலி போர்வைக்குள் போய்விடும். ஆம்புக்குப் போவதென்றால் பின்பக்க எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (ஆம்பின் டோன் பகுதியைத் தாண்டி நேராகப் பவர் பகுதிக்குப் போகும் இன்புட்) கொடுத்து, மாடலரின் கேபினட்டை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்தது, எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள் என்பது. சத்தம் குறையும்போது காது பேஸ் ஒலியைத்தான் அதிகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி வீட்டார் தூங்கும்போது மெதுவாக வைத்து உருவாக்கும் ப்ரீசெட்டில் (சேமித்துவைக்கும் டோன் அமைப்பு) பேஸ் தானாகவே ஏறிவிடும், காலையில் சத்தமாகப் போட்டால் குழகுழவென்று இருக்கும். எனக்கு வரும் டிராக்குகளில் நான் முதலில் செய்வது 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுவதுதான். அதிகமாகப் போட்ட கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் அளவு) மட்டும் என்னாலும் எடுக்க முடியாது.

அதற்காகத்தான் ஒரு வசதியை நான் கட்டாயம் என்பேன்: ஆம்ப் ஒலியோடு, கிட்டாரின் வெறும் ஒலியையும் யூஎஸ்பி வழியாகத் தனி டிராக்காக அனுப்புகிறதா? அனுப்பினால், வாசிப்பு நன்றாக இருந்து டோன் மட்டும் சொதப்பினாலும் பின்னால் வேறு ஆம்ப் வழியாக ஓட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த சில மாடல்களில் இது கிடையாது. வாங்கும் முன் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

லேட்டன்சி, அதாவது வாசித்தது காதுக்கு வரும் தாமதத்தைப் பற்றி ரொம்பவே பயப்படுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் தொகுப்பு) என்றால் உள்ளே போகவோ வெளியே வரவோ ஒரு திசைக்கு 2.7 மில்லி விநாடி. ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் காற்றிலேயே 9 மில்லி விநாடி போய்விடுகிறது. பெட்டியிலேயே ஹெட்ஃபோன் செருகிக் கேட்டால் கணினியின் தாமதம் பற்றிய பேச்சே இல்லை.

எர்த் விஷயத்தில்தான் நிஜமாகவே பயப்பட வேண்டும். கிட்டார் கம்பியைத் தொட்டால் சுருக்கென்கிறது, கையை எடுத்தால் ஹம் (அடியில் ஓடும் இரைச்சல்) கூடுகிறது என்றால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மாடலரில் கோளாறில்லை. எர்த் இல்லாத சார்ஜரோ, எர்த் ஒழுங்காக இல்லாத பிளக் பாயின்ட்டோதான் காரணம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹம் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது உயிரோடு விளையாடுவது. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரில் கொர்ரென்று வந்தால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், அடாப்டரில் அச்சடித்திருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகக்கூடாது. இங்கே வேறு அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டும் போலாரிட்டியும் (பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பது) அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கலாம், குறையக்கூடாது.