சேற்றில் புதைந்த டாங்கியும் கிணற்று ராட்டினமும்

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தம்பி ராணுவத்தில் ஈஎம்ஈ பிரிவுக்குத் தேர்வாகி, செகந்திராபாத்தில் பயிற்சியில் இருக்கிறான். 'மெக்கானிக் வேலைக்கா பட்டாளத்துக்குப் போனான்?' என்று தெருவில் கேட்கிறார்கள். அங்கே என்னதான் செய்வார்கள்?"

துப்பாக்கிப் பயிற்சி அவனுக்கும் உண்டு, முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். ஈஎம்ஈ என்பது 1943 அக்டோபர் 15 அன்று தொடங்கிய மின்னணு, இயந்திரப் பொறியாளர் படை. டாங்கி, பீரங்கி, ரேடார், லாரி என்று பட்டாளத்தில் பழுதாகக்கூடியது எதுவும் இவர்கள் கைக்கு வரும். சின்னப் பழுதைப் படையோடு கூடவே போகும் குழு பார்த்துக்கொள்ளும். பெரியது களப் பட்டறைக்குப் போகும். முழுசாகப் பிரித்துப் போட வேண்டியவை தலைமைப் பட்டறைக்கு. சரி, இதெல்லாம் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பின் பெரிய வடிவம்தான். என்னை மயக்குவது 'ரெக்கவரி' வேலை, அதாவது சிக்கிக்கொண்ட வண்டியை மீட்டெடுப்பது.

தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரியை கிரேன் தூக்குவதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்காதவர் நம் பக்கம் குறைவு. அங்கே கிரேன் நிற்கத் தார்ச்சாலை இருக்கிறது. சேற்றில் சிக்கிய டாங்கியின் பக்கத்தில் கிரேனை நிறுத்தினால் அதுவும் சேர்ந்து புதையும். அதனால் தூர நின்று இழுக்க வேண்டும்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? ரெக்கவரிக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. சக்கர மட்டத்துக்குப் புதைந்தால் வண்டியின் எடையளவு விசை. மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. மேலே பீரங்கிக் கூண்டு வரை போய்விட்டால் மூன்று மடங்கு. டி-72 டாங்கி சுமார் 41 டன். மட்கார்டு வரை புதைந்திருந்தால் 82 டன் விசை வேண்டும். மீட்பு வண்டியின் வின்ச் (இரும்பு வடத்தைச் சுருட்டி இழுக்கும் உருளை) 30 டன் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதிக்கு எங்கே போவது?

கிணற்றடிக்கு வாருங்கள். மேலே உத்தரத்தில் தொங்கும் ராட்டினம் (பாடப்புத்தகத்தில் கப்பி) நம் பாரத்தைக் குறைப்பதே இல்லை, இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. 10 கிலோ குடத்துக்கு 10 கிலோ இழுப்புதான். அதே ராட்டினத்தைக் கழற்றிக் குடத்தில் மாட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை உத்தரத்தில் கட்டி, குடத்து ராட்டினத்தில் நுழைத்து, மறுமுனையைக் கையில் பிடியுங்கள். இப்போது குடத்தை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. உங்கள் பங்கு 5 கிலோ. பதிலுக்கு, குடம் ஒரு முழம் ஏற நீங்கள் இரண்டு முழம் இழுக்க வேண்டும்.

களத்திலும் இதேதான். வின்ச்சிலிருந்து வரும் இரும்பு வடத்தை டாங்கியில் மாட்டிய கப்பிக்குள் விட்டு, திரும்ப மீட்பு வண்டியில் உள்ள கப்பிக்குக் கொண்டுவந்து, முனையை டாங்கியில் பூட்டுகிறார்கள். டாங்கியை இழுப்பது மூன்று வடங்கள்: மும்முப்பது 90 டன். உராய்வு கொஞ்சம் தின்னும்தான். ஆனால் டாங்கியின் எஞ்சின் உயிரோடு இருந்து, இழுக்கும் திசையிலேயே அதன் சக்கரங்களைச் சுற்றியுள்ள இரும்புச் சங்கிலியும் மெல்லச் சுற்றினால் தேவையில் சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும்.

அப்புறம் நியூட்டன் வருகிறார். அந்த 90 டன்னும் மீட்பு வண்டியையும் சேற்றை நோக்கி இழுக்குமே! அதனால்தான் அதன் முகப்பில் புல்டோசர் தகடு ஒன்று இருக்கிறது. அதை மண்ணில் ஊன்றிக்கொண்டு, காலை உதைத்துக் கயிறு இழுப்பவன்போல வண்டி நிற்கும்.

இத்தனை அழகான கணக்கை 'மெக்கானிக் வேலைதானே' என்று நாம் ஒதுக்குகிறோம். புது டாங்கி வந்தால் முதல் பக்கத்தில் படம். வடத்துக்கு யார் எண்ணெய் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொப்பூர் இறக்கத்தில் போகும் லாரிகளில்கூட எலுமிச்சம்பழம் புதிதாக இருக்கிறது, பிரேக் லைனிங்தான் பழையது.

இந்த வேலையின் ஆபத்தும் கப்பியில்தான் இருக்கிறது. கப்பியில் மடங்கி வரும் இரண்டு வடங்களும் உண்டிவில்லின் ரப்பர் மாதிரி. கப்பியின் கொக்கி விட்டுப்போனால், கப்பியே கல்லாகி அந்த மடிப்புக்குள் பறக்கும். எனவே மடிப்புக்குள் யாரும் நிற்கக் கூடாது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரெக்கவரி ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். தொப்பூரில் கிரேன் வேலை நடந்து பஸ் நின்றால், டிரைவருக்கு முன்னால் இவர் இறங்கிவிடுவார். வேடிக்கை பார்க்கிறவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வடத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டே திட்டுவார், பாதி தமிழில், பாதி இந்தியில்.