சொல் விளக்கம்: பகா எண்

மொரீசியஸில் கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பிரெஞ்சும் கூடவே காதில் விழுகிறது. பள்ளியில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் 'பிரைம் நம்பர்' தெரியும், 'நோம்ப்ர் பிரமியே' தெரியும். 'பகா எண்' பெரும்பாலும் அவர்களை எட்டுவதில்லை. எட்ட வேண்டிய சொல் அது.

'பிரைம்', 'பிரமியே' இரண்டும் 'முதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' அதே பொருளைத் தமிழில் தருகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் 'பகா எண்' வேறு வழியில் போகிறது. பகு என்றால் பிரி. பகுதி, பகிர்வு எல்லாம் அந்தக் குடும்பம்தான். 'பகாத' என்பதன் ஈறு கெட்ட வடிவம் 'பகா'. நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறதே, அதே அச்சு. 'படித்தான்' பகுபதம், 'மண்' பகாப்பதம். அப்படியே 15 பகு எண் (3 × 5), 13 பகா எண் (1 × 13 தவிர வேறு வழியில் பகாது). காரணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் எனக்கு இந்தச் சொல்தான் உயர்வு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: 1ஐயும் பகுக்க முடியாது, ஆனால் அது பகா எண் ஆகாது. அதைச் சேர்த்தால், எந்த எண்ணுக்கும் பகாக் காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும் என்ற விதி உடைந்துவிடும்.

இனி ஒரு பெரிய பகா எண்:

170141183460469231731687303715884105727

39 இலக்கம். 2ஐ 127 முறை பெருக்கி, 1 கழித்தால் இது வரும். இப்படி 2இன் அடுக்கில் ஒன்று குறையும் பகா எண்ணுக்கு, 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பெயரால் 'மெர்சென் பகா எண்' என்று பெயர். அடுக்கும் பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனால் 2இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047, 23 × 89 என்று பகுந்துவிடும். 127க்கு அப்படி ஆகவில்லை என்பதை 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார், கணினி இல்லாமல், கைக்கணக்கில்! 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

இந்த எண்ணுக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. 2இன் 2ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 3. 2இன் 3ஆம் அடுக்கில் குறைத்தால் 7. 7ஆம் அடுக்கில் 127. 127ஆம் அடுக்கில் நம் எண். எல்லாமே பகா எண்கள். சரி, அடுத்தது? அந்த 39 இலக்க எண் எவ்வளவோ அத்தனை முறை 2ஐப் பெருக்கி ஒன்று கழித்தால் வரும் எண் பகுமா, பகாதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.