பூஸ்டரை ஏன் கம்பத்தில் ஏற்ற வேண்டும்?

மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. அதிலிருந்து, கூரை ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பூஸ்டர் வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டினேன். டிவி மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த் 40-லிருந்து 90-க்கு ஏறிவிட்டது. ஆனால் படம் இன்னும் கட்டம் கட்டமாக உடைகிறது. பூஸ்டர் கெட்டுப்போனதா?" பெரும்பாலும் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் அந்தப் பெட்டி, நன்றாகவே இருக்கும். மாட்டிய இடம்தான் தவறு.

டிவி ஒளிபரப்பைச் சுமந்துவரும் யுஎச்எஃப் ரேடியோ அலை ஆன்டெனாவில் பட்டு, மிகச் சிறிய மின்னழுத்தமாகக் கேபிளில் இறங்குகிறது என்பது தெரிந்த கதை. தெரியாத பாதி, அதனுடன் சேர்ந்து வரும் இரைச்சல். எந்தக் கடத்தியிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஜான்சன், நைக்விஸ்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1928-இல் இதை அளந்து, கணக்கிட்டுக் காட்டினார்கள். 75 ஓம் கேபிளில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு டிவி சேனலில், இந்தத் துள்ளல் மட்டும் சுமார் 1.5 மைக்ரோவோல்ட். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதற்குக் கீழே போகும் டிவி கிடையாது. டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் சாதாரண டியூனர் தன் பங்குக்கும் சேர்த்து அதை 3 மைக்ரோவோல்ட் ஆக்கிவிடும். படம் உடையாமல் நிற்க, சிக்னல் இரைச்சலைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு இருக்க வேண்டும்.

ஆன்டெனா முனையில் 40 மைக்ரோவோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 20 மீட்டர் ஆர்ஜி-6 கேபிள், பிறகு நான்கு அறைகளுக்கும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். கேபிளில் 3 டெசிபல், ஸ்ப்ளிட்டரில் 7 டெசிபல், ஆக 10 டெசிபல் இழப்பு. டெசிபல் என்பது பெருக்கத்தையும் இழப்பையும் சொல்லும் அளவு; 10 டெசிபல் போனால் மின்னழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். டிவிக்கு வந்து சேர்வது 12.6 மைக்ரோவோல்ட். அதை 3-ஆல் வகுத்தால் 4 சொச்சம். படம் வராது.

இப்போது 20 டெசிபல் பூஸ்டர் ஒன்றை, அதாவது மின்னழுத்தத்தைப் 10 மடங்காக்கும் பெட்டியை, டிவிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். 12.6 என்பது 126 ஆகிவிடும். ஸ்ட்ரெங்த் ஏறியது இதனால்தான். ஆனால் பூஸ்டரின் வாயிலில், அதன் சொந்த இரைச்சலையும் சேர்த்து, ஏற்கெனவே 1.9 மைக்ரோவோல்ட் இரைச்சல் நிற்கிறது, அதுவும் பத்து மடங்காகி 19 ஆகிறது. 126-க்கு 19 என்றால் ஆறரை மடங்குதான். தண்ணீர் கலந்த பாலை எந்த அண்டாவில் ஊற்றினாலும் கலப்படம் அப்படியேதான் இருக்கும்.

அதே பூஸ்டரை ஆன்டெனாவுக்குக் கீழே, கம்பத்திலேயே மாட்டினால் 40 மைக்ரோவோல்ட் முதலில் 400 ஆகும். கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் தேய்ந்து டிவிக்கு வரும்போது அதே 126. ஸ்ட்ரெங்த் கோடு ஓர் இம்மிகூட மாறாது! ஆனால் இம்முறை பூஸ்டரின் இரைச்சலும் சிக்னலோடு சேர்ந்து தேய்ந்து 6 மைக்ரோவோல்ட் ஆகிவிடுகிறது. இரைச்சல்கள் நேராகக் கூடாமல் வர்க்கங்களாகக் கூடுவதால், டியூனரின் 3-ஐச் சேர்த்தாலும் சுமார் 6.7தான். விகிதம் 19. படம் கண்ணாடிபோல் நிற்கும்.

பெட்டி ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான், இடம் மட்டுமே மாறியது. இதற்குள் இருக்கும் சூட்சுமம் அழகானது. கேபிள் சிக்னலைத் தின்னும், ஆனால் இரைச்சலை அந்த 1.5 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறக்காது. மேலிருந்து வரும் இரைச்சல் தேயத் தேய, அதே வெப்பநிலையில் இருக்கும் கேபிள் தன் சொந்த எலெக்ட்ரான்களின் துள்ளலால் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. 1.5 மைக்ரோவோல்ட் என்ற தரை உயர்ந்தும் போகாது, தாழ்ந்தும் போகாது. சிக்னல் அந்தத் தரையை நோக்கி இறங்கும் முன்பே அதைத் தூக்கிவிட வேண்டும். முதல் பெருக்கியின் இரைச்சல்தான் ஏறக்குறைய முழுத் தொடரின் தலைவிதி என்பதைப் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1944-இல் சூத்திரமாகவே எழுதினார். 530 மீட்டர் நீளமுள்ள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியிலும் இதே விதிதான்: அதன் 1056 டைபோல்கள் (சிறு ஆன்டெனாக்கள்) ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்தனியே ஒரு குறை இரைச்சல் பெருக்கி இருக்கிறது. பல்சர் என்ற தொலைதூர விண்மீனின் ரேடியோ துடிப்பைப் பிடிப்பதற்கும் டிவி செய்தியைப் பிடிப்பதற்கும் இந்த இடத்தில் வேறுபாடு இல்லை.

ஆகவே கடையில் '40 டெசிபல்' என்ற பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பூஸ்டர் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்று சொல்லும் இரைச்சல் எண் 2 டெசிபல் அல்லது அதற்குக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கம் 15 முதல் 20 போதும். இரைச்சல் எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சிடாமல் விற்பதைச் சட்டமே தடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 'டிஜிட்டல் ஆன்டெனா', '4கே ஆன்டெனா' என்பவையும் வெறும் விற்பனைப் பேச்சு. கம்பிகள் உடையாத பழைய யுஎச்எஃப் யாகி ஆன்டெனாவே (குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள வழக்கமான கூரை ஆன்டெனா) போதும்.

கம்பப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலேறும், பெரும்பாலும் 12 வோல்ட். அதை ஏற்றும் அடாப்டரை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், கம்பத்திலிருந்து வரும் கேபிளிலேயே வையுங்கள். பல ஸ்ப்ளிட்டர்கள் நேர்மின்சாரத்தைக் கடக்கவிடாது. கேபிள் முனையில் எஃப் கனெக்டர் போடும்போது, கேபிளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டாலும் பூஸ்டர் செத்ததுபோல் கிடக்கும். பின்னலை முழுவதும் பின்னுக்கு மடித்து, வெள்ளை நுரையைக் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிறுத்தி, நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2-3 மில்லிமீட்டர் நீட்டியிருக்கும்படி வெட்டுங்கள். மேலே சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, பூஸ்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் பின்னல் வழியே உள்ளே ஊறி, கம்பி கறுத்து, ஓராண்டில் உயர் அதிர்வெண் சேனல்கள் ஒவ்வொன்றாகப் போகும்.

பூஸ்டர் மாட்டியதும் ஸ்ட்ரெங்த் ஏறி, சிக்னலின் சுத்தத்தைக் காட்டும் குவாலிட்டிக் கோடு இறங்கினால், அளவுக்கு மீறிய சிக்னலால் பூஸ்டர் மூச்சு திணறுகிறது என்று பொருள். பக்கத்தில் டிவி கோபுரம் இருக்கலாம், அல்லது 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கோபுரம் இருக்கலாம். இரண்டாவது என்றால் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டர் ஒன்று போதும். அதை ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் இடையில் வைக்க வேண்டும், பூஸ்டருக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை.

இதையெல்லாம் வாங்கும் முன் ஒரு சோதனை. ஒரு டிவியை மாடிக்குக் கொண்டுபோய், 2 மீட்டர் கேபிளில் நேரே ஆன்டெனாவோடு இணையுங்கள். படம் உடையாமல் வந்தால் இழப்பு கேபிளில், கம்பப் பூஸ்டர் காப்பாற்றும். அங்கேயே மோசமாக உடைந்தால் பூஸ்டரை மறந்துவிடுங்கள். ஆன்டெனாவைத் தகரக் கூரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலாவது உயர்த்தி, 30 சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தி, ஐந்தைந்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து வினாடி பொறுத்து, குவாலிட்டிக் கோட்டை மட்டும் பாருங்கள்.